பன்னிரண்டு ஓட்டுநர்களும் ஒரு மச்சானும்

பொதுக் கணினி வாரியத்தில் எந்தப் பொருளுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று, உலகம் கூப்பிடுகிற பெயர். மற்றது, வாரியத்தின் சொல்லாய்வு அலுவலர் சூட்டிய பெயர். முதல் பெயரில் எழுதினால் கோப்பு நகராது. இரண்டாவது பெயரில் எழுதினால் நகரும், ஆனால் எதைப் பற்றிய கோப்பு என்று யாருக்கும் விளங்காது. வாரியத்துக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. நகர்வதுதானே கோப்புக்கு அழகு.

நம் ஆளுக்கும் அங்கே அப்படி ஒரு பெயர் விழுந்தது. கணினி நிரல்களில் இருக்கும் பிழைகளைத் தேடித் திருத்துவது அவர் வேலை. அந்தப் பிழையை உலகம் 'பக்' என்கிறது என்று கேள்விப்பட்ட சொல்லாய்வு அலுவலர், அகராதியைப் புரட்டி, 'பூச்சி நீக்குநர்' என்று அவர் பதவிக்குப் பெயர் வைத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இயக்குநரின் கழிவறையில் ஒரு கரப்பான் தலைகாட்ட, நம் ஆளைத்தான் கூப்பிட்டார்கள். புதுசில்லையா, மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. போய்ச் செருப்பால் அடித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வாரியம் முழுக்க அவர் பூச்சிதான். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வாரியக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பெரிய கணினி இருக்கிறது. அதற்குள்ளே நாற்பது கற்பனைக் கணினிகள். உண்மையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த நாற்பதில் ஒவ்வொன்றும் தன்னைத் தனி ஆள் என்று நம்பிக்கொண்டு, ஆளுக்கொரு அலுவலகத்துக்கு மும்முரமாக வேலை பார்க்கும். வாரியத்தில் இது புதுமையே இல்லை. அங்கே ஒரே வேலையை நாற்பது பேர் தனித்தனியாகப் பார்ப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கணினிகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நின்றதும் இயக்குநர் கோட்டு மாட்டிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கி வருவார். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இயக்குநர் உரையாற்றுவார்.

"கணினி நிற்பது தோல்வி அல்ல. நின்றால்தான் நாம் தேவைப்படுகிறோம். ஓடிக்கொண்டே இருக்கும் கணினிக்கு இயக்குநர் எதற்கு, வாரியம்தான் எதற்கு?"

பிறகு ஆள்காட்டி விரலை உயரத் தூக்கி எல்லாரிடமும் காட்டிவிட்டு, மறுதொடக்கப் பொத்தானை அமுக்குவார். கைதட்டல். படம் எடுப்பார்கள். கணினி மூன்று வாரத்துக்கு ஓடும். வாரியத்தின் சுவர் முழுக்க இயக்குநர் விரலின் படங்கள்தான்.

பூச்சிக்கு வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஏன் நிற்கிறது என்று தோண்டினார்.

விஷயம் இவ்வளவுதான். கற்பனைக் கணினி ஒவ்வொன்றிலும் டிரைவர் என்று ஒரு குட்டி நிரல் உண்டு. வெளியிலிருந்து தகவல் வந்தால், கணினி பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, 'இந்தா, வந்திருக்கு' என்று கூப்பிடுவது அதன் பொறுப்பு. இப்படிக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர்; அதற்கு ஒரு மணி வேண்டும். டிரைவரை ஏற்றும்போது கணினி ஒரு மணி கொடுக்கும். இறக்கும்போது திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். கணினியிடம் இருப்பது மொத்தமே இருபத்துச் சொச்சம் மணிகள். 'யாரும் ஒரே பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது' என்று இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்ததால், டிரைவரையும் தினம் ஒருமுறை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பூச்சி இரண்டு நாள் உட்கார்ந்து டிரைவரை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார், ஏற்றினார். ஒவ்வொரு முறையும் மணிப் பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி குறைந்துகொண்டே வந்தது. போகிற டிரைவர் பழைய மணியைக் கொடுக்காமலே கம்பி நீட்டிவிடுகிறது. திரும்பி வந்ததும் கூச்சமே இல்லாமல் புது மணி கேட்கிறது. மணி தீர்ந்ததும் கணினி கையை விரித்துவிடுகிறது.

ஏன் கொடுக்கவில்லை என்று நிரலை வரி வரியாகப் படித்தபோது பூச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் கொடுக்கத்தான் நினைக்கிறது, பாவம். ஆனால் முதலில் அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, அதற்கப்புறம் உள்ளே இருக்கும் மணியை எடுக்கப் போகிறது. கதவு பூட்டியிருக்கிறது. 'சரி, கொடுக்க ஒன்றும் இல்லைபோல' என்று நடையைக் கட்டிவிடுகிறது. இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும். முதலில் மணி, பிறகு சாவி.

இதை அரைப் பக்கத்தில் எழுதி மேலே அனுப்பினார். அங்கேதான் பிடித்தது சனியன்.

சொல்லாய்வு அலுவலர் பூச்சியைக் கூப்பிட்டு விட்டார். சிவப்புப் பேனாவும் கையுமாகவே பிறந்தவர் மாதிரி இருப்பார்.

"டிரைவர்னு எழுதியிருக்கீங்க. நம்ம சொல் என்ன?"

"ஓட்டுநர் சார்."

"லோடு, அன்லோடு?"

"பணியேற்றம், பணிநீக்கம்."

"இன்டரப்ட்?"

"குறுக்கீடு சார். ஆனா சார், இதையெல்லாம் சேர்த்துப் படிச்சா..."

"சேர்த்துப் படிக்கிறது என் வேலை இல்ல. தனித்தனியாச் சரியா இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை." பேனா அடுத்த வரிக்கு இறங்கியது. "இது என்ன, 'ஓட்டுநர் செல்கிறது'? ஓட்டுநர் உயர்திணை இல்லையா? ஒரு ஊழியரை இப்படியா அஃறிணையில எழுதுவீங்க? 'செல்கிறார்'."

"சார், அது ஆள் இல்ல சார், நிரல்."

"ஆள் யாரா வேணா இருக்கட்டும். மரியாதை மரியாதைதான்."

அறிக்கை இப்படித்தான் மேலே போனது: 'ஓட்டுநரைப் பணிநீக்கம் செய்து மீண்டும் பணியேற்றும்போது குறுக்கீட்டுக் கசிவு ஏற்படுகிறது. ஓட்டுநர் ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் தம்மிடம் உள்ளதை ஒப்படைக்காமல் செல்கிறார். இதுவே வாரியம் அடிக்கடி நிற்பதற்குக் காரணம்.' கடைசி வரியில் 'கணினி' என்றுதான் பூச்சி எழுதியிருந்தார். அதைத் தட்டெழுதியவர், சுருக்கமாக இருக்கட்டுமே என்று மாற்றியிருந்தார்.

வாரியத்தில் ஓட்டுநர் ஒரே ஒருவர்தான். இயக்குநரின் காரை ஓட்டுகிறவர். போன வருஷம் வருகைப் பதிவேட்டில் தப்பான கட்டத்தில் கையெழுத்துப் போட்டதற்காக நீக்கப்பட்டு, மறு வாரமே திரும்பச் சேர்க்கப்பட்டவர். பூச்சியின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

மறுநாள் காலை விசாரணை வைத்தார்கள். நிர்வாக அலுவலர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பூச்சியை நிற்கவைத்துக் கேட்டார்.

"ஓட்டுநர் எதை ஒப்படைக்காமப் போறார்?"

"மணி சார்."

"எத்தனை மணி?"

"மொத்தம் இருபத்து நாலு சார்."

நிர்வாக அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆக, நாள் முழுக்க" என்று எழுதிக்கொண்டார்.

"சார், இது வேற ஓட்டுநர். கற்பனைக் கணினிக்குள்ள இருக்கிறவர்... இருக்கிறது."

"கற்பனை ஓட்டுநரா? யாருக்குக் காது குத்துறீங்க? மச்சானைக் காப்பாத்தப் பாக்குறீங்களா?"

அப்போது இயக்குநர் கனைத்தார். அறை அடங்கியது.

"நண்பர்களே, என் காரில் ஓட்டுநர் முன்னால் நான் ஒருபோதும் ரகசியம் பேசியதில்லை. ஏனென்றால் நான் காரில் தூங்குகிறேன். போகும்போதும் தூங்குகிறேன், வரும்போதும் தூங்குகிறேன். அலுவலகத்தில் தூங்குவது வேறு. இந்த உண்மை வெளியே கசிந்தால் வாரியத்தின் மானம் என்ன ஆவது? குறுக்கீட்டை விடுங்கள், கசிவை என்னால் மன்னிக்க முடியாது."

மச்சான் பணிநீக்கம். சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் காட்டிக் கொடுத்த பூச்சிக்கு நேர்மைப் பாராட்டுச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு.

மத்தியானம் வீட்டில் பூச்சியின் மனைவி அந்தச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் வேலைக்கு வேட்டு வச்சதுக்கு இதான் பரிசா?"

"நான் எழுதினது டிரைவரைப் பத்தி..."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"இது வேற டிரைவர்டி. உயிர் இல்லாத டிரைவர்."

"உயிரை எடுத்துட்டு இப்ப உயிர் இல்லைங்கிறீங்களா?" என்றவள் சட்டத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் பூச்சி என்றுகூடக் கூப்பிடவில்லை.

இதில் வேலை மட்டும் போகவில்லை. மச்சான் குடும்பம் இருப்பது வாரியக் குடியிருப்பில். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. மச்சானுக்கு இரண்டு பெண்கள், மனைவி, மாடியில் வரிசையாக வளர்த்த முப்பது ரோஜாத் தொட்டிகள். 'எதை எங்கே கொண்டு போவார்கள்' என்று பூச்சி நினைத்துப் பார்த்தார். எழுதிய கையை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

ஆனால் அன்று மாலையே ஒரு சிக்கல். ஐந்தரைக்கு இயக்குநர் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாரிய வண்டியை வாரிய ஊழியர்தான் ஓட்டலாம், இயக்குநர் வாரிய வண்டியில்தான் போகலாம். இரண்டு விதியிலும் கையெழுத்துப் போட்டவர் அவரே. எனவே ஐந்து இருபதுக்கு, 'பொதுநலன் கருதி' மச்சான் மீண்டும் பணியேற்றப்பட்டார். மறுநாள் காலை இயக்குநரைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கியதும், ஒன்பதரைக்கு, 'விசாரணை நலன் கருதி' மீண்டும் பணிநீக்கம். மாலை பொதுநலன். காலை விசாரணை நலன். தினசரி இதுவே நடைமுறை ஆயிற்று.

குடியிருப்புப் பிரிவும் சளைக்கவில்லை. காலை பத்துக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓலை. மாலை ஆறுக்கு அது ரத்து. மூன்றாம் நாள் மச்சானின் மனைவி வாசலிலேயே ஓலைக்காரரை மடக்கினாள்.

"ஒண்ணு சொல்லுங்க. பாத்திரத்தைக் கட்டவா, கழுவவா?"

"அதுக்கு இன்னும் ஆணை வரலைங்க" என்றார் ஓலைக்காரர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

இயக்குநரின் மேசையில் ஒரு மணிப் பலகை உண்டு. பதினாறு பொத்தான்கள்; ஒவ்வொன்றின் கீழும் ஒரு பதவிச் சீட்டு. அமுக்கினால் அந்த ஊழியரிடம் மணி அடிக்கும். மணி இல்லாதவர் வாரிய ஊழியரே ஆக முடியாது. யாரும் மணியடித்துக் கூப்பிடாத அடித்தளத்துக்கு மட்டும் விலக்கு. முதல் நான்கு பொத்தான்கள் மற்ற பிரிவுகளுக்குப் பொதுவாக, ஐந்தாவது ஓட்டுநருக்கு. பணியேற்றம் செய்தால் புதுப் பொத்தான் தர வேண்டும் என்பது இந்த வருஷம் வந்த விதி. ஆக, முதல் நாள் மாலை மச்சானுக்கு ஆறாம் எண். மறுநாள் ஏழு. அடுத்து எட்டு.

பழைய பொத்தானைத் திருப்பிக் கொடுக்கவும் விதி இருந்தது. ஊழியர் தம் கையாலேயே இயக்குநர் அறைக்கு வந்து சீட்டைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். ஆனால் பணிநீக்க ஆணை முதலில் போவது வாசல் காவலுக்கு. ஆணை வந்த நொடியே மச்சான் வெளியாள். உள்ளே விடமாட்டார்கள். நிர்வாக அலுவலர் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, 'ஊழியர் வரவில்லை. ஒப்படைக்க ஏதும் இல்லை எனக் கருதப்படுகிறது' என்று குறித்துக் கோப்பை மூடுவார்.

அடித்தளத்தில் கிடந்த பூச்சிக்கு இதெல்லாம் தெரியாது. மாலையில் காரில் ஏறுமுன் மச்சான்தான் ஒருநாள் சொன்னார்.

"மாப்ள, எனக்கு இன்னைக்கு எத்தனாம் நம்பர் தெரியுமா? பதினாலு. இயக்குநர் அஞ்சுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா அமுக்கிட்டு வராரு. பதினாலு வரதுக்குள்ள பாதித் தூக்கம் போயிடுச்சுன்னு திட்டுறாரு."

பூச்சி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "பழைய நம்பரைத் திருப்பிக் குடுக்கலையா மச்சான்?"

"எங்க குடுக்க? வாசல்லயே மறிச்சிடுறாங்களே."

"பதினாறு வந்தா?"

"பதினாறு வந்தா பதினேழு."

"பதினேழு இல்ல மச்சான்" என்றார் பூச்சி.

பன்னிரண்டாம் நாள் மாலை அதுதான் நடந்தது. ஐந்து இருபதுக்குப் பணியேற்ற ஆணையோடு வந்த நிர்வாக அலுவலர் பலகையைப் பார்த்தார். ஐந்து முதல் பதினாறு வரை எல்லாமே 'ஓட்டுநர்'. காலி இடம் இல்லை. மச்சான் வாசலுக்கு வெளியே, கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஓட்டுநர் பதவி நிரம்பிவிட்டது சார்" என்றார் நிர்வாக அலுவலர். "பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பதிமூன்றாவது ஆளுக்கு வழியில்லை. ஆறு மணிக்குள் பணியேற்றாவிட்டால் நீக்கம் நிரந்தரம். குடியிருப்புக்கும் சொல்லிவிட்டேன்."

"பன்னிரண்டு பேர் இருக்காங்கள்ல? அதுல ஒருத்தரைக் கூப்பிடுங்க."

பன்னிரண்டு பொத்தான்களையும் அமுக்கினார்கள். யாரும் வரவில்லை.

"இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூட வரலைன்னா, ஒழுங்கு எவ்வளவு கெட்டுப்போச்சு பாருங்க!" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். "பெரிய பலகைக்கு ஒப்பந்தப்புள்ளி கோருங்க. இருநூத்தி அம்பத்தாறு பொத்தான்."

"மூணு மாசம் ஆகும் சார்."

"அதுவரைக்கும் நான்?"

"இங்கேயேதான் சார்."

அந்த நேரத்தில் பூச்சி மூச்சிரைக்க மாடியேறி வந்து சேர்ந்தார். கூப்பிடாமல் இயக்குநர் அறைக்குள் நுழைவது குறுக்கீடு, தண்டனைக்குரியது. அவருக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. சுவர்க் கடிகாரம் ஐந்து ஐம்பத்திரண்டு காட்டியது. குடியிருப்பில் இந்நேரம் ரோஜாத் தொட்டிகளைப் படியிறக்கிக்கொண்டிருப்பார்கள்.

"சார், பன்னிரண்டு ஓட்டுநர் இல்ல சார். ஒருத்தர்தான். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏத்தியிருக்கோம், பழைய மணியை வாங்காமலே. என் அறிக்கையில இருக்கிற கசிவு இதுதான் சார்! கணினிக்குள்ள நடக்கிறதும் இதேதான்!"

சொல்லிக்கொண்டே பலகையின் மேல் குனிந்தார். ஐந்தாம் சீட்டைப் பிடுங்கினார். ஆறு. ஏழு. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. பன்னிரண்டு சீட்டையும் பிடுங்கி மேசையில் குவித்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. நிர்வாக அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதிப்படி காலி இடம் இருக்கிறது. விதிப்படி மறுக்க முடியாது. மச்சான் மீண்டும் ஐந்தாம் எண்ணில் பணியேறினார். இயக்குநர் பொத்தானை அமுக்கியதும், முதல் அமுக்கிலேயே ஓட்டுநர் வந்து நின்றார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். கசிந்தது ஓட்டுநர் அல்ல, பலகைதான் என்று விசாரணையை அங்கேயே முடித்தார். "பிரமாதம்! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எழுதிக் குடுத்தேன் சார். கணினிக்கும் இதையே பண்ணிடலாம். ரெண்டு வரி மாத்தணும், அவ்வளவுதான். முதல்ல மணி, அப்புறம் சாவி."

"பண்ணினா?"

"கணினி நிக்கவே நிக்காது சார்."

இயக்குநரின் முகம் மெல்லத் தொங்கியது. தன் ஆள்காட்டி விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் எதை அமுக்குறது?" என்று கேட்டார்.

திருத்தம் மேலதிக ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

மறுநாள் காலை பூச்சிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'தாங்கள் உரிய அதிகாரமின்றி, மூன்று நிமிடங்களுக்குள், வாரியத்தின் பன்னிரண்டு ஓட்டுநர்களைப் பணிநீக்கம் செய்துள்ளீர்கள். அவர்களின் குடும்பங்களைப் பற்றி ஒரு கணமேனும் சிந்தித்தீர்களா?' விசாரணை முடியும்வரை பூச்சி பணிநீக்கம். மாலையில் கணினி நின்றுவிட்டது. படம் எடுக்கும்போது ஒரு பூச்சி நீக்குநர் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பதால், பொதுநலன் கருதி அவர் மீண்டும் பணியேற்றப்பட்டார். அடுத்து எந்த மாலை நிற்குமோ என்று, இதையும் தினசரி நடைமுறையாக்கச் சொன்னார் இயக்குநர். அடித்தளத்து ஆள் மாடிவரை வந்துவிட்ட பிறகு விலக்கு ஏது? முதன்முதலாக மணிப் பலகையில் அவருக்கும் ஒரு பொத்தான் கிடைத்தது. ஆறாம் எண்.

"நாளைக்கு ஏழு, அடுத்து எட்டுன்னு போயிடும்" என்று வீட்டில் புலம்பினார் பூச்சி. "பதினொரு நாள்தான். அப்புறம் நான் நிரந்தரமா வெளியதான்."

"எங்கண்ணன் இருக்காரு, விடுங்க" என்றாள் மனைவி. சுவரைப் பார்த்துத் தொங்கிய சான்றிதழை நேராகத் திருப்பி மாட்டியிருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது இருபத்தைந்துக்கு மச்சான் வழக்கம்போல இயக்குநரின் பையைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனார். பையை மேசையில் வைத்தார். வைத்த கையோடு ஆறாம் பொத்தானின் சீட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் கீழே இறங்கி வந்து, மாப்பிள்ளையின் பணிநீக்க ஆணையைத் தானே வாசல் காவலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மாலை பணியேற்றும்போது நிர்வாக அலுவலர் பலகையைப் பார்த்தார். அடுத்த காலி இடம் ஆறு.

இது இன்றைக்கும் நடக்கிறது. பூச்சியைத் தினமும் நீக்குகிறார்கள், தினமும் சேர்க்கிறார்கள். அவர் எண் மட்டும் ஆறைத் தாண்டவில்லை. பலகை ஏன் நிரம்பவில்லை என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அடித்தளத்தில் கணினி மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் நிற்கிறது, விரல் தவறாமல் இறங்குகிறது.

மாலையில் இயக்குநர் பின் இருக்கையில் தூங்கத் தொடங்கியதும், வாசலில் நிற்கும் பூச்சிக்காக மச்சான் முன் கதவைத் திறந்துவிடுகிறார். அந்த வாரியத்தில் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கத் தெரிந்த ஓட்டுநர் அவர் ஒருத்தர்தான்.

"நாளைக்கும் ஆறு காலியாத்தான் இருக்கும் மாப்ள. ஏறுங்க."